பட்டியலில் ஏழு பெயர்கள்

"பத்தொன்பது வருஷமா நீ கட்டிக்கிட்டு அழற பேங்க், கடைசில கையேந்திடுச்சேம்மா!"

வங்கி மாடியில் இருந்த அவள் மேசைமேல் அண்ணன் பத்திரிகையை வீசினான். தொழிற்பேட்டையில் இருக்கும் தன் அச்சகத்திலிருந்து நேரே வந்திருந்தான். விரல் இடுக்கெல்லாம் மை.

அவள் அந்த வங்கியின் சேர்மனுக்குச் செயலாளர். பத்திரிகையை இழுத்துப் படித்தாள்.

தடுமாறுகிற வங்கிகளுக்கு மத்திய வங்கி அவசரக் கடன் கொடுக்கும். கொடுப்பது ஊர்ப்பணம் என்பதால், யார் யார் வாங்கினார்கள் என்று மறுநாளே பத்திரிகையில் போட்டுவிடும். இன்றைய பட்டியலில் ஏழு வங்கிகள். முதல் பெயர் அவளுடைய வங்கி. நாட்டிலேயே பெரியது.

"இருக்காதுண்ணா. அப்படி ஒரு விண்ணப்பம் போயிருந்தா நான்தானே டைப் பண்ணியிருக்கணும்?"

"ஆமா, உன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் கடன் வாங்குவாங்க! கீழே எட்டிப் பாரு."

ஜன்னல் வழியே பார்த்தாள். வங்கி வாசலில் அறுபது, எழுபது பேர் வரிசையில் நின்றார்கள். இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

"பத்து வருஷம் முன்னாடி இதே பட்டியல்ல ஒரே ஒரு பேரு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பிழைக்கட்டும்னுதான் கடன் கொடுத்தாங்க. வாங்கினது தெரிஞ்சதும் ஊரே திரண்டு போய்ப் பணத்தைக் கேட்டுச்சு. சாயங்காலமே பூட்டு! மரியாதையா உன் பணத்தை இன்னைக்கே வெளியே எடு."

அவள் விடுவிடுவென்று சேர்மன் அறைக்குள் போனாள்.

"சார், பட்டியல்ல நம்ம பேரு..."

"சரியாத்தான் போட்டிருக்காங்க. விண்ணப்பத்தை நானே எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"நம்மகிட்ட பணம் இல்லையா சார்?"

"நிறைய இருக்கு."

"அப்புறம் எதுக்கு சார்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"வரிசையில நிக்கறவங்களுக்கு நாற்காலி போடச் சொல்லுங்கம்மா. கேட்டவங்களுக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்து அனுப்பச் சொல்லுங்க. யாரையும் ஏன், எதுக்குன்னு கேட்க வேண்டாம்."

வெளியே வந்தாள்.

"என்னவாம்?" என்றான் அண்ணன்.

"பணம் நிறைய இருக்காம்."

"இருந்துமா வாங்கினாரு?" அண்ணனுக்கே தூக்கிவாரிப் போட்டது. "புரிஞ்சுபோச்சு. மத்திய வங்கியில குறைஞ்ச வட்டிக்கு வாங்கி, என்னை மாதிரி ஆளுங்ககிட்ட கூடுதல் வட்டிக்கு விடுவாரு. இல்லாதவன் வாங்கினா கஷ்டம்னு சொல்லலாம். இருக்கறவன் வாங்கினா? இந்த மனுஷனைத்தான் நீ தெய்வம் தெய்வம்னு சொல்லிக்கிட்டு இருந்தே!"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்க ரோஷம் வந்தது.

"உன் பேட்டை பேங்கும்தான் பட்டியல்ல இருக்கு!"

தொழிற்பேட்டையில் இருக்கும் சின்ன வங்கி அது. அப்பா அம்மா இருந்த வீட்டை விற்ற பணத்தை, அவள் பங்கையும் சேர்த்து, அண்ணன் அதில்தான் போட்டிருந்தான்.

"கடைசிப் பேரும்மா அது!" அண்ணன் சிரித்தான். "ஆறு பெரிய தலைங்க வாரும்போது, பாவம், அதுவும் ஒரு கை அள்ளியிருக்கு. அதை யாரு கண்டுக்கப் போறாங்க? வர்ற வழியில பார்த்துட்டுத்தான் வந்தேன். ஈ காக்கா இல்ல. காசாளர் கன்னத்துல கை வெச்சுத் தூங்கிக்கிட்டிருக்காரு."

அவள் இழுப்பறையைத் திறந்தாள். பணம் எடுக்கும் சீட்டில் முழுத் தொகையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தொலைபேசி அடித்தது. வயதான குரல். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது.

"சேர்மனோட செயலாளரா பேசறது? அவரைக் கூப்பிட வேண்டாம்மா. இப்போ அவர்கிட்ட பேசினா நான் அழுதுடுவேன். ஒரே ஒரு விஷயம் சொல்லிடு. இந்த நிமிஷம் வரைக்கும் எங்க வாசல்ல ஒருத்தர்கூட வந்து நிக்கலைன்னு சொல்லு."

"சார், நீங்க யாரு..."

"எங்க பேரு மட்டும் தனியா வந்திருந்தா, பத்து மணிக்கே எங்க கதை முடிஞ்சிருக்கும். பணமே தேவைப்படாத பெரிய பேங்க் ஆறையும் ஒரே நாள்ல சம்மதிக்க வெச்சு, எங்களோட சேர்த்துக் கடன் வாங்க வெச்சாரும்மா உங்க சேர்மன். எங்க பேரை அந்தக் கூட்டத்துல மறைச்சுட்டாரு. கெட்ட பேரை முதல் ஆளா அவரே வாங்கிக்கிட்டாரு. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே அமைதியா போனாப் போதும், நாங்க நிமிர்ந்துடுவோம்."

"சார்... எந்த பேங்க்?"

"பேட்டை பேங்க் தலைவர்ம்மா நான்."

அவள் ரிசீவரை வைத்தாள்.

"யாரும்மா போன்ல? பேயறைஞ்ச மாதிரி நிக்கறியே!"

'ஓடுண்ணா! நம்ம வீட்டுப் பணத்தை முதல்ல எடு!' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அண்ணன் ஓடினால், அச்சகத்தில் இருக்கும் பன்னிரண்டு பேரும் பின்னாலேயே ஓடுவார்கள். அவர்களைப் பார்த்துத் தொழிற்பேட்டையே ஓடும்.

எழுதி வைத்திருந்த சீட்டை அவள் அண்ணனிடம் நீட்டினாள்.

"நீ சொன்னது சரிதாண்ணா. என் பணத்தையும் உன் பேட்டை பேங்க்லயே போட்டுடு."