மாஸ்க்கின் உள்பக்கம்

சிக்னலில் பஞ்சர் கடை வைத்திருந்த பேச்சியப்பனுக்கு, மருத்துவ முகாம்காரர்கள் ஓசியில் கொடுத்த வெள்ளை மாஸ்க்குகள் மேல் நம்பிக்கையே இல்லை. சும்மா கொடுக்கிறவன் எவன் நல்லவன்? ஆனாலும் பகல் முழுக்க லாரிப் புகையில் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கழற்றிப் பார்த்தார். வெளிப்பக்கம் கறுத்திருந்தது, சரி. உள்பக்கமும் ஏன் கறுத்தது? புகை உள்ளே போனதா, நெஞ்சிலிருந்து வெளியே வந்ததா? காற்று எங்கே கசிகிறதென்று கண்டுபிடிப்பதுதானே அவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு புது மாஸ்க்கோடு உட்கார்ந்தார். சாயங்காலம் வெளிப்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. உள்பக்கம் மட்டும் கறுப்பு.

அவர் கடையை ஒட்டியே வெள்ளரிக்காய் விற்கும் பெண்டாட்டி பவுனு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“வெத்தல வாயோட மாட்டியிருப்பே.”

“வெத்தல செவக்கும்டி, கூறுகெட்டவளே. கறுக்குமா?”

இன்னொரு மாஸ்க்கை எடுத்து அவள் காதில் மாட்டினார்.

“எனக்கு எதுக்குய்யா?”

“பேசாம மூச்சு விடு.”

உலையில் சோறு வெந்து முடிந்ததும் அவள் மாஸ்க்கைக் கழற்றினார். உள்பக்கத்தைப் பார்க்காமலே கைக்குள் மூடிக்கொண்டார்.

“நாளையிலிருந்து நீ சிக்னலுக்கு வர வேணாம்.”

“வராம? வெள்ளரிக்கா தானா நடந்து போயி விக்குமா? மொதல்ல அதக் காட்டுய்யா.”

அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். ஒன்றும் பிரியவில்லை.