ஐந்தாம் நாள் பால்

ஐந்து நாளாகப் பிழிந்து பிழிந்து வாஷ்பேசினில் கொட்டிக்கொண்டிருந்தாள்.



வேறு வழியில்லை. பிறந்தவனுக்கும் அக்காவைப் போலப் பாலின் சர்க்கரை செரிக்காத பரம்பரை நோய் இருந்தால் தாய்ப்பாலே விஷம். நோய் இல்லையென்றால், அவனுக்குக் கொடுக்கப் பால் வற்றிவிடக் கூடாது. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வரும்வரை அவனுக்குக் கரைத்த சோயா மாவுதான். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தான்.

மூத்தவள் ஓவியாவுக்கு நோய் இருப்பது தெரியாமல் ஒன்பது நாள் தாய்ப்பால் கொடுத்துவிட்டாள். ஆறு வருடமாகியும் அந்த ஒன்பது நாளுக்காகத் தன்னை மன்னிக்க முடியவில்லை.

அதன்பிறகு வீட்டுக்குள் மாட்டுப்பாலும் நுழையவில்லை. வருகிறவர்களுக்குக் கடுங்காப்பி. பொங்கலன்று பானையில் தேங்காய்ப்பால். சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். அது பாட்டுக்குப் பொங்கியது.

மரபணு ஆலோசகர் ரெஜினா காகிதத்தோடு வார்டுக்குள் வந்தார்.

அவர் வரைந்த குடும்பப் படம். அவளுக்கும் கணவனுக்கும் நடுவே இரட்டைக் கோடு. தாய்மாமனைக் கட்டிக்கொண்டதற்கு அடையாளம். கீழே மகனுக்கு ஒரு சதுரம். பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

"அக்காவுக்கு அம்மா, அப்பா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அந்த மரபணு வந்துச்சு. தம்பிக்கு ஒரு பக்கம்தான். நோய் இல்லம்மா."

கணவன் அந்தப் பாதிக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ அரை வயிறு குடிக்கலாமா மேடம்?"

"நீங்களும் பாதிதான் சார். அரை டம்ளர் பாயசத்தோடயா பந்தியில எழுந்திரிக்கிறீங்க?"

"மாமாவா? மூணு டம்ளர் உள்ள போகும்."

சொன்னவள் அவள்தான். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

மகனை வாரி மடியில் போட்டாள். படவா, இதற்காகவே காத்திருந்தவன் போலக் கவ்விக்கொண்டான்.

கதவு திறந்தது. ஓவியா.

ஒரே பாய்ச்சல். தம்பியின் வாய்க்கும் அம்மாவின் மார்புக்கும் நடுவே கையைத் திணித்தாள்.

"அம்மா, பால்! பால்!"

வளர்த்த வளர்ப்பு அப்படி. பிறந்தநாள் கேக்கைக்கூட, பால் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பித் தருகிறவள்.

"தம்பிக்கு ஒண்ணும் செய்யாதுடி."

"எனக்கு?"

"ஒனக்குச் சேராது தங்கம்."



ஓவியா கொஞ்சம் யோசித்தாள். கையை எடுத்தாள். அம்மாவின் இன்னொரு மார்பைக் காட்டினாள்.

"அப்போ என் பங்கையும் அவனுக்கே குடுத்துரு."

அவள் மகனை மறுபக்கம் மாற்றிப் போட்டாள்.