அலமாரி விழும் இடம்

டிவியில் ஓடிய படத்தில் அலமாரி சாயத் தொடங்கியபோது நான் கறிபாப் பலகாரத் தட்டோடு வரவேற்பறை வாசலில் நின்றிருந்தேன்.

பேட்ரிசியா அக்காவைப் பெண் பார்க்கப் பொந்தியானிலிருந்து வந்திருந்தார்கள். திமோத்தியும் அவருடைய அம்மாவும்.

அக்காவுக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலிலிருந்து அப்படித்தான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

"தேதி குறிக்கிற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக்கூடாது" என்று எங்கள் அம்மா சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளைக்குப் பழைய படங்கள் பிடிக்குமாம். அதனால்தான் இந்த ஊமைப்படம். படம் ஓடும்போது யாரும் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்கு.

கதாநாயகன் வேலைக்குக் கிளம்ப ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறான். அவனுக்குப் பின்னால் முதலில் கடிகாரம் விழுகிறது. பிறகு கதவு. இப்போது அலமாரி.

இந்த இயக்குநர் கேமராவை யார் முகத்துக்கும் அருகில் கொண்டுபோவதில்லை. தூரத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அவனும், அவன் முதுகுக்குப் பின்னால் நடப்பதும் ஒன்றாகத் தெரியும். எங்கே பார்ப்பது என்பது நம் பாடு.

எல்லாரும் சிரிக்கிறோம். இவ்வளவு சத்தம் அவனுக்கு ஏன் கேட்கவில்லை என்று யாரும் யோசிப்பதில்லை.

அலமாரி விழுந்தது. என் கையிலிருந்த எவர்சில்வர் தட்டும்.

"அலமாக்!" என்று திமோத்தியின் அம்மா பதறி எழுந்தே விட்டார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

அக்கா திரும்பவில்லை.

அவள் திரையையும் பார்க்கவில்லை. திமோத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு அக்காவை.

"சின்னவ கையில எதுவும் நிக்காது லா" என்று அம்மா சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

திமோத்தி எழுந்தார். நாற்காலியைத் தூக்கி வந்து, டிவியை மறைத்தபடி அக்காவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். உதடு தெளிவாக அசைய, நிதானமாகக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க. படம் பார்க்கலாமா, பேசலாமா?"

"பேசலாம்" என்றாள் அக்கா. வெளியாட்கள் முன்னால் அவள் குரல் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது.

நான் குனிந்து, சோபாவுக்கு அடியில் சிதறிய கறிபாப்புகளைப் பொறுக்கினேன்.

காலையில் அம்மா சந்தைக்குப் போயிருந்தபோது, அக்கா என் கையில் வெறும் தட்டைக் கொடுத்து, இதே வாசலில் நிறுத்தி, படத்தை ஓட விட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்காது. ஆனாலும் தட்டு சரியான நேரத்தில் விழும்வரை அவள் என்னை விடவில்லை.