ஓஃப் பண்ணாத ஸ்கேனர்

கினிகத்தேனையில் பஸ்ஸை மறித்துச் சோதித்த பொலிஸ்காரர், மேர்வினின் பையிலிருந்து வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்கும் ஸ்கேனரை வெளியே எடுத்தார். பக்கத்து ஆசனக்காரர் மெல்ல விலகி உட்கார்ந்தார்.

“லைசன் இல்லாம இதக் கொண்டு போறது குத்தம், தெரியுமா?”

“தெரியுங்க சேர்.”

பொலிஸ்காரர் அதன் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். வெறும் இரைச்சல்தான் வந்தது.

“சரி, பாவம் பாத்து விடுறேன். ஓஃப் பண்ணிட்டு உள்ள வை.”

“ஓஃப் பண்ண முடியாதுங்க சேர். மண்சரிவுல தேடுறவங்க இதுலதான் பேசுவாங்க. எம் பொஞ்சாதியும் புள்ளையும் இன்னும் மண்ணுக்குள்ளதான் இருக்காங்க.”

பொலிஸ்காரரின் குரல் இறங்கியது. “தேடுறத நிப்பாட்டி ஒரு மாசமாச்சே.”

“தெரியுங்க சேர்.” மேர்வின் ஸ்கேனருக்காகக் கையை நீட்டினான். “திரும்பத் தொடங்கினா, எங்ககிட்ட வந்து யாரு சொல்லப் போறாங்க?”