பிசாசுக்கு ஒரு டிக்கெட்

“பிசாசே! பிசாசே!” என்று ஐயாயிரம் பேர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கை தட்டி, குதித்து, தாளம் தப்பாமல்.

என் மகனும் குதித்தான். டிக்கெட் எடுத்து என்னை அழைத்து வந்தவனே அவன்தான்.

மேடையில் கிதாரை மாட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் வார்த்தைகளைக் கொட்டிக்கொண்டிருந்தவனுக்குப் பட்டப்பெயர் ‘தகரம்’. பாதி ராப், பாதி ராக், மீதி காட்டுக்கத்தல். பெரிய நகரங்களுக்கு மட்டுமே போகிறவன், எங்கள் நடுத்தர ஊருக்கு முதல் தடவையாகக் கச்சேரி செய்ய வந்திருக்கிறான் என்று உள்ளரங்கம் நிரம்பி வழிந்தது.

எனக்கு அவன் மாடி ரூம் தம்பி. பதினொரு மாதம் என் வீட்டில் குடியிருந்தவன். அதற்கு நன்றிக்கடனாக எழுதியதுதான் இந்தப் பாட்டு.

மாடியில் ஓர் அப்பாவிக் கலைஞன் தன் முதல் பாட்டைப் பதிவு செய்கிறான். நாலு மணி நேர உழைப்பு. கீழே ஒரு வீட்டுக்காரி. சங்கீதம் என்றாலே அவளுக்கு ஆகாது. மெயின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குகிறாள். பதிவு மொத்தமும் போச்சு.

ஃபியூஸ் கட்டை பிடுங்கப்பட்டது நிஜம். பதிவு அழிந்ததும் நிஜம். ஆனால் என் மூக்கைப் பற்றித் தனியாக ஒரு சரணம் எழுதியிருக்கிறானே, அதற்கு என்ன அவசியம்?

மூன்று வருடமாகத் தெருவில் நடக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் பில் போடும்போது அந்த மெட்டை விசிலடிக்கிறார். நான் வேலை பார்க்கும் வங்கியில் கரண்ட் போனால் மேலாளர் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார். அந்த வீட்டுக்காரி நான்தான் என்று ஊருக்கு யார் சொன்னது என்று எனக்கு விளங்கவே இல்லை.

“அத்தை, அந்தப் பிசாசு நீங்கதானாமே! செம அத்தை நீங்க!”

மகனுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் எட்டி என் காதில் கத்தினாள். அடுத்த மாதம் எனக்கு மருமகளாக வரப்போகிறவள். தகரம் என்றால் அவளுக்கு உயிர்.

“உனக்கு யாரும்மா சொன்னது?”

“இவருதான்! மொத தடவை பேசினப்பவே சொல்லிட்டாரு. அதக் கேட்டுத்தான் நானே இவரைத் திரும்பிப் பாத்தேன்!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளைப் பிசாசாக்கி அல்லவா பெண் பிடித்திருக்கிறான்!

அந்த நேரம் பார்த்து மேடையில் கிதார் சட்டென்று நின்றது. விளக்குகள் மொத்தமும் அணைந்தன. பாட்டில் ஃபியூஸ் போகிற இடமாம். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

கடைசி வரிசையில் யாரோ தும்மியது எனக்குக் கேட்டது.

அப்படியானால் நான் பேசினாலும் மேடை வரை கேட்கும். மூன்று வருடமாகத் தொண்டையில் வைத்திருந்த ஒரே ஒரு வரி. நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. சில்லென்று இருந்தது.

“வேணாம்மா,” என்றான் மகன். “ப்ளீஸ்மா. அவ இருக்கா.”

அன்றைக்கு மிக்ஸி பாதியில் நின்ற பிறகுதான் கரண்ட் போனதே எனக்குத் தெரியும். சமையலறையிலிருந்து வந்து பார்த்தால், ஸ்டூல் மேல் நிற்கிறான் என் மகன், கையில் ஃபியூஸ் கட்டையோடு. மறுநாள் அவனுக்குக் கடைசி செமஸ்டர் பரீட்சை. மாடியிலிருந்து ஆறடி ஆள் தடதடவென்று இறங்கி வரும் சத்தம் கேட்டதும், கட்டையை என் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

வந்தவனிடம், “நான்தான்,” என்றேன்.

விளக்குகள் எரிந்தன. கூட்டம் மறுபடி என்னைத் திட்ட ஆரம்பித்தது.

“என்ன வேணாம்னு சொல்றாரு, அத்தை?” வருங்கால மருமகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நாற்காலியை விட்டு நான் இறங்கவில்லை. குனிந்து மகனின் காதில் கேட்டேன்.

“நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?”