நாற்பதாவது பொட்டலம்

முதல் பொட்டலம் இயந்திரத்தின் பெல்ட்டில் ஏறியது. சித்ராதேவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரை கிலோ சத்துமாவு. பழுப்புக் காகித உறை. வாயை மடித்துத் தைத்திருந்தது.

அந்தத் தையல்தான் வினை. மாவு விற்பவர்கள் உறையைச் சூடு வைத்து ஒட்டுவார்கள். பதினான்கு வருடம் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவளுக்குத் தையல் மெஷின்தான் கைக்கு வந்தது. கேழ்வரகையும் பாசிப்பயறையும் முளைகட்டி, வறுத்து, அரைத்து, உறையில் நிரப்பி, வாயைத் தைத்துவிட்டாள்.

சிறிய அளவில் உணவுப்பொருள் செய்பவர்களுக்குச் சுத்தமும் பாதுகாப்பும் சொல்லிக் கொடுப்பது மைதிலியின் வேலை. காலையில் வீட்டுக்கு வந்தவள், மெஷினுக்கு அடியில் கிடந்த உடைந்த ஊசியைப் பார்த்துவிட்டாள்.

"எப்பங்க ஒடஞ்சுது?"

"இப்பத்தானுங்க, காத்தால" என்றாள் சித்ராதேவி.

மைதிலி திட்டவில்லை. துண்டுகளை ஒரு தாளில் சேர்த்து வைத்து, பக்கத்தில் ஒரு முழு ஊசியை வைத்தாள். முனை மட்டும் இல்லை. ஒரு அரிசி நீளம்தான். தரையைக் கூட்டிப் பார்த்தார்கள், காந்தத்தால் துழாவிப் பார்த்தார்கள். அகப்படவில்லை.

பனியன் கம்பெனியில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்க வேண்டும். அட்டையில் ஒட்டி முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துணுக்கு குறைந்தாலும் அன்று தைத்த அந்த லாட் துணி முழுவதும் ஊசியைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். குழந்தைகள் உடுத்தும் துணிக்கே அப்படி.

இது குழந்தைகள் விழுங்கும் மாவு.

அதனால்தான் வீட்டிலிருந்த நாற்பது பொட்டலத்தையும் ஸ்கூட்டரில் அள்ளிக்கொண்டு, வீரபாண்டியில் சித்ராதேவி முன்பு வேலை பார்த்த கம்பெனியின் மாடிக்கு, அந்த இயந்திரத்தைத் தேடி வந்திருந்தார்கள்.

இந்த இயந்திரத்துக்குக் கண் கிடையாது. பெல்ட்டுக்கு மேலும் கீழும் ஒரு காந்தப் புலம், அசையாத தண்ணீர் மாதிரி நிற்கிறது. காகிதம் போனால் அதற்குத் தெரியாது. மாவு போனால் தெரியாது. தங்கமே போனாலும் தெரியாது. இரும்பு ஒரு துளி போனால் போதும், தண்ணீர் கலங்கிவிடும். உடனே கத்தும், பெல்ட் நின்றுவிடும்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அதை ஓட்டும் ஜாஹித் முதலிலேயே ஒரு சோதனை அட்டையை விட்டிருந்தான். அதில் கடுகைவிடச் சிறிய இரும்புக் குண்டு. இயந்திரம் அலறிய அலறலில் சித்ராதேவி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

ஏழாவது பொட்டலம். சத்தமில்லை.

பன்னிரண்டு. பதிமூன்று.

ஒவ்வொன்றுக்கும் மைதிலி தலையை ஆட்டினாள். அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. சித்ராதேவிக்கு நாக்கு உலர்ந்துகொண்டே போனது.

இருபத்தாறு.

சிவன்மலை ஆண்டவா, கத்த வை. ஒரே ஒரு தடவை கத்த வை.

"அக்கா, உங்க மாவு எங்க பனியனை விடச் சுத்தமா இருக்குதுங்க" ஜாஹித் சிரித்தான். "பேசாம ஏத்துமதி பண்ணிருங்க."

சித்ராதேவி அடுத்த பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

நாற்பதாவதை அவளே எடுத்து வைத்தாள். அது இயந்திரத்தின் வாய்க்குள் நுழைந்து, மறுபக்கம் வந்து, தட்டில் பொத்தென்று விழுந்தது.

"அப்பாடா!" மைதிலி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "முனை எங்கியோ தெறிச்சுப் போயிருச்சுங்க. பயப்படாதீங்க. இனிமேத் தைக்க வேண்டாம், ஒட்டிக்கலாம்."

சித்ராதேவி அவள் கையைப் பிடித்தாள்.

"ஊசி ஒடஞ்சது காத்தால இல்லீங்க. நேத்துச் சாயங்காலம், பொழுதோட. அது மெஷின்லயே சிக்கியிருந்து, இன்னிக்குத் தச்ச இதுல உளுந்திருக்குமோன்னு பாத்தனுங்க."

மைதிலி தட்டில் கிடந்த பொட்டலங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்துத் தச்ச பன்னெண்டையும் அப்பவே கொண்டாந்து, இங்க கீழ, கம்பெனியில வேலை செய்யறவங்க குழந்தைங்க காப்பகத்துல குடுத்துட்டனுங்க. அதுதானுங்க எனக்கு மொத ஆர்டரு."

மைதிலி படிக்கட்டை நோக்கி ஓடினாள்.

ஜாஹித் இயந்திரத்தை அணைத்தான். பெல்ட்டின் இரைச்சல் அடங்கியதும், கீழேயிருந்து கிண்ணங்களில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது.