திருப்பிப் படித்தாலும் அதே எண்

"கையெழுத்துப் போடு நிவியா. ஊரைக் கூட்டிக் கத்தினது போதும்."

பேராசிரியர் எட்செவெரி மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையை மேசைமேல் டொக்கென்று வைத்தார். எதிரே நின்ற ஆராய்ச்சி மாணவி நிவியாவுக்குக் கோபத்தில் உதடு துடித்தது. டீன் செல்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மதியம் தலைநகர் மோன்டெவிடியோவிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். இருபதாயிரத்து ஒரு இலக்கங்கள் கொண்ட புதிய பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாது, கடைசியிலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே எண். கண்டுபிடித்தவர் எட்செவெரி என்று பலகை எழுதி மாட்டியாகிவிட்டது.

"எட்டு மாசம் ராப்பகலா தேடினது நான், மேடம்! மத்தவங்க சரிபார்க்கட்டும்னு அறிவிப்புப் பலகையில குத்தி வைக்கிறது நம்ம துறை வழக்கம். போன வருஷம் ரமிரோ குத்தி வெச்சதும் இப்படித்தான் இவர் பேர்ல வந்துச்சு!"

அந்த ரமிரோ படிப்பையே விட்டுவிட்டுப் போனான். அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"பாத்தீங்களா மேடம், வாய்க்கு வந்தபடி பழி போடறா! கம்ப்யூட்டர் நம்ம துறையோடது, யார் வேணும்னாலும் ஓட்டலாம். எண்ணை நானே உக்காந்து சரிபார்த்திருக்கேன்."

"எப்படிப் பார்த்தீங்க?" என்றாள் நிவியா.

"எனக்கே பாடமா? முதல் இலக்கத்துக்குக் கடைசி இலக்கம், ரெண்டாவதுக்கு அதுக்கு முந்தினதுன்னு ஜோடி ஜோடியா ஒத்துப் பார்த்தேன். நட்ட நடுவுல ஒத்தையா நிக்கிற எட்டைத் தவிர எல்லாத்துக்கும் ஜோடி இருக்கு. போதுமா?"

நிவியா பல்லைக் கடித்தாள்.

"இது உன்னோடது இல்லன்னு எழுதிக் குடு. இல்லேன்னா இன்னிக்கே துறையை விட்டு வெளிய போ!"

"எழுதறேன். ஆனா முழு எண்ணையும் அச்சடிச்சுக் குடுங்க. அதுக்குக் கீழ 'இது என்னோடது'ன்னு நீங்களும் கையெழுத்துப் போடணும்."

ஆறு பக்கம் வந்தது. எட்செவெரி வளைத்து நெளித்துக் கையெழுத்துப் போட்டார். நிவியா அழுத்திய அழுத்தில் தாளே கிழிந்தது. டீன் அதன்மேல் முத்திரை குத்தினார்.

"ஒழிஞ்சுது சனியன். இனிமே இந்த எண் உன்னோடதுன்னு வாயே திறக்கக் கூடாது."

"சத்தியமா திறக்க மாட்டேன் சார். என் எண்ணுக்கு நடுவுல ஏழு. ரமிரோவை நெனச்சு, பலகையில குத்தும்போது நான்தான் அதை எட்டா மாத்தினேன்."

குடுவையை எடுக்கப்போன எட்செவெரியின் கை பாதியில் நின்றது.

"இலக்கத்தையெல்லாம் கூட்டிப் பாருங்க சார், உங்களோடது மூணால வகுபடும்."